எந்த டவர், எத்தனை வருஷம்?

எங்கள் வீட்டு முன்வாசலில் நின்றால் போன் கேரளத்து டவரைப் பிடிக்கும். பின்பக்கம் கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாட்டு டவர். கேரளத்துப் பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை வழியாகத் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போகும் ரோட்டின் இரண்டு பக்கமும் இப்படித்தான். அந்தப் பக்கம் வெள்ளறடை, பனச்சமூடு வரைக்கும், கடற்கரையோரம் பொழியூர் வரைக்கும் இதே கதைதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அன்று போட்ட கோட்டைச் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று நாங்கள் தினமும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறோம். டவரின் அலைக்கும் அந்தக் கோடு தெரியாது. போனுக்குள் இருக்கும் மென்பொருளுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

எப்படி என்று சொல்கிறேன். கைபேசிச் சேவைக்குக் கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு ஒரு வட்டம். ஒவ்வொரு டவரும் தன் எண்ணை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் நாட்டுக்கு உரியது. இந்தியாவுக்கு 404 அல்லது 405. அடுத்து வருவது கம்பெனியையும் வட்டத்தையும் காட்டும். ஏர்டெல்லை எடுத்துக்கொண்டால் கேரளத்தில் 404-95, தமிழ்நாட்டில் 404-94. சிம்முக்குள் இருக்கும் எண்ணும் டவர் சொல்லும் எண்ணும் வேறாக இருந்தால், நாம் சொந்த அடுக்களையிலேயே நின்றாலும் வெளிமாநிலத்தில் இருக்கிறோம் என்று போன் முடிவுகட்டிவிடும். அதுதான் ரோமிங்.

ஒரு காலத்தில் இதற்குக் காசும் போனது. வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேசினாலும் பாலன்ஸ் கரையும்; யாரோ நம்மைக் கூப்பிட்டதற்கும் நம்மிடமே பிடிப்பார்கள். 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ரோமிங் கட்டணம் இல்லாமலே ஜியோ வந்தது, 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் நாட்டுக்குள் ரோமிங் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஊரில் பெரிய ஆறுதல் அது. ஆனால் ‘டேட்டா ரோமிங்’ என்ற பொத்தான் இன்னும் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. சில போன்களில் அது அணைந்திருந்தால் அடுத்த மாநிலத்து டவரைப் பிடித்த நிமிஷமே நெட் நின்றுபோகும்.

பக்கத்துப் புரையிடத்தில் ரப்பர் வெட்டும் அண்ணன் ஒருநாள் காலையில் போனோடு வந்தார். “டீச்சரே, ராத்திரி என்னவோ அப்டேட்டுன்னு கேட்டுது, நானும் சரின்னு அமத்தினேன். விடிஞ்சு பாத்தா நெட்டு இல்ல. ஒண்ணு பாத்துத் தாருங்க” என்றார். விடியுமுன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகிறவர் அவர். ஷீட்டு விலை, ஒட்டுபால் விலை, மழை உண்டா இல்லையா, எல்லாம் அந்தப் போனில்தான் பார்ப்பார். திறக்கச் சொன்னேன். விரலை வைத்தார், திறக்கவில்லை. கத்தி பிடித்துத் தேய்ந்த விரலில் பாலும் காய்ந்து ஒட்டியிருந்தால் ரேகை எங்கே பதியும்? பின் நம்பர் போட்டுத் திறந்தோம். நான் சந்தேகப்பட்டதுதான்: அப்டேட்டுக்குப் பிறகு டேட்டா ரோமிங் அணைந்து கிடந்தது. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் அதை மறுபடி போட்டதும் வாட்ஸ்அப்பில் செய்திகள் வந்து குவிந்தன.

எங்கள் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதே சிம் பகுதியில் நெட்வொர்க்கைப் போன் தானாகத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருக்கும். அதை அணைத்துச் சொந்த வட்டத்து டவரை நாமே குறித்துவிட்டால் வீட்டுக்குள் தாவல் நிற்கும். தமிழ்நாட்டுப் பக்கம் மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ போகும்போது மறக்காமல் திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலே கிடைக்காது.

இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. 2023 அக்டோபர் 31ஆம் தேதி கேரளத்தில் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை நடந்தபோது போன்கள் ஒரே நேரத்தில் அலறியது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தி நம் நம்பரைத் தேடி வருவதல்ல, டவரிலிருந்து அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனுக்கும் போவது. நெய்யாறு பெருகும் நாளில் நெய்யாற்றின்கரைக்காரர் தமிழ்நாட்டு டவரில் இருந்தால் கேரளம் கொடுக்கும் எச்சரிக்கை அவருக்கு எப்படிக் கிடைக்கும்? எல்லையோரக் கிராமங்களுக்கு இரண்டு மாநில எச்சரிக்கையும் இரண்டு பக்க டவரிலிருந்தும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அப்டேட் என்பதற்கு வருகிறேன். அண்ணன் போனில் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ என்ற இடத்தைத் திறந்தால் அதற்குக் கீழே செக்யூரிட்டி அப்டேட் தேதி இருக்கும். அப்போது வந்திருந்த அந்த அப்டேட்டிலும் அது பல மாதம் பழைய தேதியாகவே இருந்தது. யாரும் பார்க்காத வரி அது. என்னைக் கேட்டால் கேமராவின் மெகாபிக்சலைவிட அந்த ஒரு வரி முக்கியம். 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை ஆண்ட்ராய்டில் வெளிப்பட்டது. ஒரு படச் செய்தி வந்து விழுந்தாலே போதும், போனுக்குள் புகுந்துவிடலாம் என்கிற அளவுக்கு மோசமான ஓட்டை. அந்த ஆகஸ்டிலிருந்துதான் கூகிள் மாதாமாதம் ஓட்டைகளின் பட்டியலையும் அடைப்பையும் வெளியிடத் தொடங்கியது. ஆனால் கூகிள் அடைத்தால் நம் போனில் அடைபட்டுவிடாது. சிப் செய்யும் குவால்காமோ மீடியாடெக்கோ அதைத் தங்கள் சிப்புக்குப் பொருத்த வேண்டும், அப்புறம் போன் கம்பெனி தன் மாடலுக்குப் பொருத்தி அனுப்ப வேண்டும். விற்று முடிந்த மலிவு மாடலுக்கு அந்த வேலையைச் செய்யக் கம்பெனிக்கு ஆர்வம் இருப்பதில்லை. நல்ல கண்ணாடி, நல்ல பேட்டரியோடு கையில் இருக்கும் போன் இப்படித்தான் உள்ளுக்குள் கைவிடப்படுகிறது.

விலை உயர்ந்த போன்களில் நிலைமை மாறிவிட்டது. 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கு கூகிளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் ஏழு வருஷ அப்டேட் என்று வாக்குக் கொடுத்தன. பத்தாயிரம் ரூபாய்ப் போனுக்கு அப்படி ஏழு வருஷ வாக்குக் கொடுப்பவர் அரிது. எங்கள் ஊர் வாங்குவதோ பெரும்பாலும் அந்தப் போனைத்தான்.

வாங்காமலும் வருவது ஒன்று உண்டு: கல்ஃபிலிருந்து பிள்ளை லீவுக்கு வரும்போது தன் பழைய போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவான். அம்மாவிடமிருந்து அது சித்திக்குப் போகும். பாசத்தோடு கைமாறும் பொருள்தான், ஆனால் சித்தியின் கைக்கு வரும்போது அதற்கு அப்டேட் நின்று பல காலம் ஆகியிருக்கும். அதில்தான் அவர் பேங்க் ஆப்பைப் போடுகிறார். ஒருநாள் ஆப் திறக்க மறுக்கும். 2023 அக்டோபர் 24க்குப் பிறகு வாட்ஸ்அப்பே ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே உள்ள போன்களை விட்டுவிட்டது. என் போன்ற பென்ஷன்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். 2021 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற உயிர்வாழ்வுச் சான்றிதழுக்கு முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்தது. விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு அது உண்மையாகவே பெரிய உதவி. ஆனால் மிகப் பழைய போனில் அந்த ஆப் ஓடாது. அப்படிப்பட்டவர்கள் மஸ்டரிங் என்ற அந்தச் சரிபார்ப்புக்கு அக்ஷயா மையம் போன்ற இடத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். உயிரோடு இருப்பதைச் சொல்வதற்கும் போனின் வயது பார்க்கப்படுகிறது என்பது எனக்குச் சம்மதமில்லை.

“அப்டேட் போட்டாத்தான் போன் கேடாவும், போடாதீங்க டீச்சரே” என்று சொல்பவர்கள் ஊரில் நிறைய. அவர்கள் பயத்தைத் தள்ளிவிட முடியாது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2018இல் இத்தாலி, அப்டேட்டால் போன்கள் மந்தமானதற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. இந்தியாவில் அப்டேட்டுக்குப் பிறகு திரையில் பச்சைக் கோடு விழுந்ததாகப் பலர் புகார் சொன்னார்கள். 2023இல் ஒன்பிளஸ் அப்படிப் பாதிக்கப்பட்ட போன்களின் திரைக்கு ஆயுட்கால உத்தரவாதம் தருவதாக அறிவித்தது. ஆகவே புது வெர்ஷன் என்று பெரிதாக வருவதைக் கொஞ்சநாள் பொறுத்து, படங்களை வேறிடத்தில் சேமித்துவிட்டுப் போடுங்கள். செக்யூரிட்டி அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் போடும் போனில் ஓட்டை இருக்கக் கூடாது.

போன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் செய்ய வேண்டிய முகவரி எல்லாம் அச்சிட்டிருக்கும். சட்டப்படி இருந்தாக வேண்டும். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி போடுவதுபோல, செக்யூரிட்டி அப்டேட் எந்த மாதம் வரை என்று அதே இடத்தில் ஒரு வரி போட என்ன தடை? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும் என்றது. அதே கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?

அது வரும்வரை கடையில் நாம்தான் கேட்க வேண்டும். “இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்?” என்று நான் கேட்டபோது நெய்யாற்றின்கரைக் கடைப் பையன் திகைத்தான், பிறகு கம்பெனியின் பக்கத்தை எடுத்துக் காட்டினான். அடுத்த முறை போனபோது நான் கேட்பதற்கு முன்பே சொன்னான். பில்லைப் பத்திரமாக வையுங்கள். எல்லை தாண்டி வாங்கினாலும் பில் இருந்தால் கவலை வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். களியக்காவிளையில் வாங்கிய போனுக்குப் பாறசாலைக்காரர் நாகர்கோவிலுக்கு அலைய வேண்டியதில்லை, திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தில் போடலாம். மார்த்தாண்டத்துக்காரர் நெய்யாற்றின்கரையில் வாங்கியிருந்தால் அவருக்கு நாகர்கோவில். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். மலையாளத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.