விபரக்கொத்தில் பெயர் இருந்தால் கூகுளில் மேலே வரலாமா?

அப்புத்தளைப் பக்கம் வீட்டில் ஓரிரண்டு அறைகளை ஒதுக்கி, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்கள் பலர். பிள்ளைகள் அதற்கு ஓர் இணையத்தளமும் செய்து கொடுக்கிறார்கள். உடனே எங்கிருந்தோ ஒரு மின்னஞ்சல் வரும்: “உங்கள் தளத்தை 500 விபரக்கொத்துகளில் பதிந்து தருகிறோம், கூகுளில் முதலிடம் நிச்சயம்.” காசைக் கொடுக்குமுன் கூகுள் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்த்துவிடுவோம். அந்தக் கணக்கே ஓர் அதிசயம்.

இணைய விபரக்கொத்து என்பது தளங்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கிய பட்டியல். 1994இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் தொடங்கிய அத்தகைய பட்டியல்தான் யாஹூ. 1998இல் தொடங்கிய ‘டிமோஸ்’ இன்னும் வியப்பானது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தளங்களைத் தாங்களே பார்த்துத் தெரிந்தெடுத்து, 38 இலட்சத்துக்கு மேல் சேர்த்தார்கள். அதில் இடம் கிடைத்தால், மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட தளம் என்று பொருள்.

அதே 1998இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் தளங்களை மதிப்பிட வேறு வழியை முன்வைத்தார்கள். அதைப் புரிந்துகொள்ள அப்புத்தளைக்கு அருகிலுள்ள பெரகல சந்திக்கு வாருங்கள். இடம் சிறியதுதான். ஆனால் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி இதனூடாகச் செல்கிறது. அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவுக்குப் போகும் ஏ16 இங்கேதான் பிரிகிறது. வந்து சேரும் வீதிகள் பெரியவை, அதனால் சந்தியும் பெரிது. நூறு தோட்டத்துப் பாதைகள் வந்து சேர்ந்தாலும் அந்தப் பெருமை வராது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பை வீதியாகக் கொண்டு இருவரும் போட்ட இந்தக் கணக்குக்குப் ‘பேஜ்ரேங்க்’, அதாவது பக்கமதிப்பு, என்று பெயர்.

இனி எண்களைப் பார்ப்போம். ஒரு பக்கத்தின் மதிப்பு 100 என்றால், அதில் 85 அதன் இணைப்புகளுக்குச் சமமாகப் பங்கிடப்படும். அந்தப் பக்கத்தில் ஐந்து இணைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 17. ஐந்நூறு இருந்தால் வெறும் 0.17. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் விபரக்கொத்தின் பலவீனம் இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். உங்கள் மதிப்பைக் கணக்கிட எனது மதிப்பு வேண்டும், என்னுடையதற்கு மற்றவருடையது வேண்டும். எங்கே தொடங்குவது? எங்கே தொடங்கினாலும் பரவாயில்லை என்பதுதான் அழகு. எல்லோருக்கும் சம மதிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பங்கிட்டால் எண்கள் தாமாகவே ஒரு நிலைக்கு வந்துவிடும். அவர்களது சோதனையில் 32 கோடியே 20 இலட்சம் இணைப்புகளுக்குச் சுமார் 52 சுற்றுகள் போதுமாயின. அதில் பாதி இணைப்புகளுக்கு 45. வேலை இரட்டிப்பானபோது கூடியவை ஏழு சுற்றுகள் மட்டுமே!

கணக்கு வெளியே தெரிந்ததும் ஏமாற்றும் தொடங்கியது. எவரும் படிக்காத விபரக்கொத்துகள் இணைப்பு விற்பதற்கென்றே முளைத்தன. ‘இந்த இணைப்புக்கு மதிப்புக் கொடுக்காதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு 2005இல் வந்தது. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தின் மூலம், செயற்கையாக இணைப்புச் சேர்த்த தளங்களைக் கூகுள் கீழே தள்ளியது. தரமற்ற விபரக்கொத்து இணைப்புகளை அதன் விதிகள் இன்று பெயர் சொல்லியே விலக்குகின்றன. யாஹூவின் பட்டியல் 2014இலும் டிமோஸ் 2017இலும் மூடப்பட்டன.

அப்படியென்றால் எல்லா விபரக்கொத்துகளும் வீணானவையா? இல்லை. 2004இலேயே ஸ்டான்ஃபோர்ட், யாஹூ ஆய்வாளர்கள் ‘டிரஸ்ட்ரேங்க்’ என்ற நம்பக மதிப்பை முன்வைத்தார்கள். 200க்கும் குறைவான நல்ல தளங்களை மனிதர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நம்பிக்கை அவற்றிலிருந்து இணைப்பு வழியே பரவ, குப்பைத்தளங்கள் பெருமளவில் ஒதுங்கின. அந்தத் தேர்வின்போது, பெரிய விபரக்கொத்து எதிலும் பெயரில்லாத தளங்கள் முதலிலேயே கழிக்கப்பட்டன.

வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேடும்போது கணக்கு வேறு. பொருத்தம், தூரம், அறியப்பட்ட அளவு என்ற மூன்றையும் கூகுள் பார்க்கிறது. “பெரகலவில் தங்குமிடம்” என்று தேடுபவருக்கு உங்கள் வீடு தூரத்தால் பொருந்தும், ஆனால் அறியப்பட்ட அளவை மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு பட்டியலில் ஹப்புத்தளை, இன்னொன்றில் அப்புத்தளை, மூன்றாவதில் பழைய தொலைபேசி எண் என்றிருந்தால், எல்லாம் ஒரே வீடுதானா என்று இயந்திரம் தடுமாறலாம். பெயரும் முகவரியும் எண்ணும் எங்கும் ஒன்றாக இருந்தால் அந்தக் குழப்பமில்லை.

ஆகவே 500 பட்டியல்களுக்குக் காசு கட்ட வேண்டாம். பயணிகள் உண்மையில் திறந்து பார்க்கும் நாலைந்தில் சரியான விபரத்தைப் பதியுங்கள். யாரோ ஒருவர் பார்த்து, யோசித்து, தெரிந்தெடுத்துக் கொடுத்த இணைப்புக்குத்தான் மதிப்பு. அந்தத் தெரிவை இணையமெங்கும் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இத்தனை கணக்குகளின் வேலையும்.