பழைய புஷ்ரொட்டா, புதிய வால்வ் நுட்பமா? மஸ்கெலியா ஏற்றம் சொல்லும் பதில்

மஸ்கெலியா டவுனில் ஹயர் வேன்கள் நிற்கும் இடத்தில் ஒரு விவாதம் ஓய்வதே இல்லை. பழைய எஞ்சின் நல்லதா, புதியது நல்லதா? மொரிஸ் மைனரும் டீஎக்ஸ் வேகனும் ஓட்டிய பெரியவர்கள் ஒரு பக்கம். விவிடி எஞ்சின் வேன்களை ஓட்டும் இளைஞர்கள் மறுபக்கம். தோட்டத்து லொறி சாரதியின் மகனான நான் நீண்ட காலம் இளைஞர்கள் பக்கம்தான் நின்றேன்.

இது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. ஒரு வேன் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் வருமானம். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பருவ காலத்தில் நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர்கள், நடுராத்திரியில் நோயாளிகள் என எல்லாவற்றுக்கும் அதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்ததை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. எனவே எந்த எஞ்சினுக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்வது எங்களுக்குச் சோற்றுப் பிரச்சினை.

முதலில் வால்வ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினுக்குள் காற்றையும் எரிபொருளையும் விடுவதும் புகையை வெளியேற்றுவதும் வால்வுகளின் வேலை. அவற்றைத் திறப்பது கேம் ஷாப்ட். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்றும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 தடவை திறந்து மூடுகிறது.

புஷ்ரொட் எஞ்சினில் கேம் கீழே, புளொக்குக்குள் இருக்கிறது. அது டெப்பெட்டைத் தள்ள, டெப்பெட் ஒரு நீளக் கம்பியைத் தள்ள, கம்பி மேலே இருக்கும் ரொக்கரைத் தூக்க, ரொக்கர் வால்வை அழுத்துகிறது. அந்தக் கம்பிதான் புஷ்ரொட். மொரிஸ் மைனருக்கு 1952 முதல் கிடைத்த ஏ வகை எஞ்சின் இப்படிப்பட்டது. 1966 இல் முதல் கொரோலாவோடு வந்த டொயோட்டாவின் கே வகையும் அப்படித்தான். நம் டீஎக்ஸ் வேகனுக்குள் இருப்பது அந்தக் கே குடும்பம்.

இதன் நன்மைகள் உண்மையானவை. டைமிங் செயின் குட்டையானது. எஞ்சினின் உயரம் குறைவு. ஹெட்டைக் கழற்றினாலும் கேமின் டைமிங் குலையாது. மைனரின் வால்வ் இடைவெளி 0.30 மில்லிமீற்றர், ஒரு பீலர் கேஜ், ஒரு ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் வீதியோரத்திலேயே சரிசெய்யலாம்.

"பழசுதான் ஏற்றத்தில் இழுக்கும்" என்பது மட்டும் பாதி உண்மை. 948 சிசி மைனரின் வலு 37 குதிரைவலுதான், ஆனால் அதன் இழுவை உச்சத்தைத் தொடுவது 2500 சுற்றில். நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஏறும்போது எஞ்சின் ஓடுவதும் ஏறத்தாழ அந்தச் சுற்றில்தான். அந்த இழுவையைக் கொடுப்பது கம்பி அல்ல. தாழ்ந்த சுற்றுக்கு ஏற்றபடி வெட்டப்பட்ட கேம். அதே எஞ்சினை வேகமாகச் சுழற்றினால் மூச்சு வாங்கும். கம்பியும் ரொக்கரும் சேர்ந்த பாரத்தால், மிக அதிக சுற்றில் வால்வ் கேமின் அசைவைப் பின்தொடர முடியாமல் போகும்.

இங்கேதான் மாறும் வால்வ் நுட்பம் வருகிறது. தாழ்ந்த சுற்றில் உள்வால்வ் சீக்கிரம் மூடுவது நல்லது; உயர்ந்த சுற்றில் சற்றுத் தாமதமாக மூடுவது நல்லது. ஒரே கேம் இரண்டையும் செய்யாது. 1989 இல் ஹொண்டாவின் விடெக், வேகம் கூடும்போது வேறொரு கேம் மேட்டுக்கு மாறியது. டொயோட்டாவின் விவிடி-ஐ கேமின் பல்சக்கரத்துக்குள் ஒயில் அழுத்தத்தைச் செலுத்தி, கேமைச் சற்று முன்னும் பின்னும் திருப்புகிறது. இரண்டும் எதிரிகளும் அல்ல: 2000களில் ஜெனரல் மோட்டர்ஸ் புஷ்ரொட் எஞ்சின்களுக்கே இந்த நுட்பத்தைப் பொருத்தியது.

எங்கள் உயரத்தில் புதியதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1270 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹட்டனில் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அந்த அளவு வலுவை இழக்கும். பழைய கார்பரேற்றர் அதை அறியாமல் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். புதிய எஞ்சினின் சென்சர்கள் அளவைத் திருத்திக்கொள்ளும்.

அப்படியானால் பெரியவர்கள் சொன்னதில் எது சரி? அதை ஒரு மழை இரவில் கற்றேன். பக்கத்து லயத்து அக்காவுக்குப் பிரசவ வலி. டிக்கோயா வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். ஏற்றம் வந்ததும் என் விவிடி வேன் இழுக்கவில்லை. முதலாம் கியரில் ஊர்ந்து ஊர்ந்து போனோம். பின்னால் அவருடைய அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் ஒரு கராஜில் எஞ்சினையே மாற்றச் சொன்னார்கள். மனம் கேட்காமல் அப்பாவின் கூட்டாளியான வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒயில் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி, அதன் வழியிலிருந்த சிறு வலைச் சல்லடையைக் காட்டினார். கறுப்புப் பசை அடைத்திருந்தது. ஒயில் போகாததால் கேம் பிந்திய நிலையிலேயே நின்றுவிட்டது. தாழ்ந்த சுற்றின் இழுவை போனது அதனால்தான். "எத்தனை மாசமா ஒயில் மாத்தல, தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. வருமானம் குறைந்த மாதங்களில் நான் முதலில் தள்ளிப்போட்டது ஒயில் செலவைத்தான்.

புஷ்ரொட் எஞ்சின் கைவேலையை நம்பியிருக்கிறது. விவிடி எஞ்சின் சுத்தமான ஒயிலை நம்பியிருக்கிறது. பழையதும் அழுக்கு ஒயிலில் தேயும். ஆனால் அது மெல்லச் சத்தம் போட்டு எச்சரிக்கும். புதியதில் மயிரிழை வழிகள் அடைபட்டால் நுட்பமே நின்றுவிடும்.

எனவே பாவித்த விவிடி வாகனம் வாங்குபவர்கள் முதலில் ஒயில் மூடியைத் திறந்து உள்ளே பசை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, முதல் சில செக்கன்களில் செயின் பக்கம் கடகடக்கிறதா என்று கேளுங்கள். கைநூல் சொல்லும் தர ஒயிலையே ஊற்றுங்கள். ஏற்றமும் குறுந்தூர ஓட்டமும் கடும் பாவனை என்பதால், கைநூலில் உள்ள காலத்துக்கு முன்பே ஒயிலை மாற்றுங்கள். புஷ்ரொட் வாங்குபவர்கள், உதிரிப்பாகம் கிடைக்குமா, டெப்பெட் சரிசெய்யத் தெரிந்த பாஸ் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

நான் இன்னும் விவிடி வேன்தான் ஓட்டுகிறேன். ஆனால் மாதச் செலவுக் கணக்கில் ஒயில் இப்போது அரிசிக்கு அடுத்த வரியில் இருக்கிறது.