கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலுள்ள கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காலையில் சிங்கப்பூரிலிருந்து அக்கரைக்குப் போய் மளிகை வாங்கிக்கொண்டு, மாலையில் வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். ஆனால் அங்கே செல்லப்பிராணிக் கடையில் விற்கும் ஆப்பிரிக்க முள்ளெலியையோ, சுகர் கிளைடரையோ பைக்குள் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு வந்தால் அது குற்றம். அரை மணி நேரத்துக்கு முன்பு செல்லப்பிராணி, இப்போது கடத்தல் பொருள்.

இரண்டு ஊர்ச் சட்டங்களும் எதிரெதிர் திசையிலிருந்து தொடங்குகின்றன. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்க வேண்டிய விலங்குகளைப் பட்டியலிடுகிறது; அவற்றை வளர்க்க உரிமம் வேண்டும். சிங்கப்பூரிலோ எவற்றை வளர்க்கலாம் என்பதற்குத்தான் பட்டியல். அதில் பெயர் இல்லாத காட்டுவிலங்குக்கு வீட்டில் இடமில்லை. சிறு பாலூட்டிகளில் முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், ஜெர்பில், சுண்டெலி, சின்சில்லா ஆகியவை மட்டும். ஊர்வனவற்றில் இரண்டே ஆமைகள். பாம்பு, உடும்பு, ஓணான் வகை எதுவும் கிடையாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கவே 2024 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது என்றால், கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமானது என்று புரியும்.

உள்ளங்கையில் அடங்குகிற சுகர் கிளைடரிடம் ஓர் அரசுக்கு என்ன பயம்? டாஸ்மேனியாவைப் பார்க்க வேண்டும்.

சுகர் கிளைடர் ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் விலங்கு. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஒரு தோல்மடிப்பு. அதை விரித்தால் ஐம்பது மீட்டர் தொலைவிலுள்ள மரத்துக்குச் சறுக்கிப் போய்விடும். மரச்சாறு, பூந்தேன், பூச்சி என்று தின்னும். 19ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனியத் தீவில் கொண்டுபோய் விடப்பட்ட இதை, தேன் குடிக்கிற சாது என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். அந்தத் தீவில் மட்டுமே கூடு கட்டும் ஸ்விஃப்ட் கிளிகள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ந்தவர்கள் மரப்பொந்துகளில் கேமராக்களை வைத்தார்கள். இரவில் பொந்துக்குள் நுழைந்தது இந்தச் சிறு விலங்குதான். முட்டையைத் தின்றது, குஞ்சைத் தின்றது, அடைகாத்த தாய்க்கிளியையும் பல இடங்களில் கொன்றது. அருகிலேயே கிளைடர் இல்லாத சிறு தீவுகளில் அதே கிளியின் கூடுகள் பிழைத்தன. பிறந்த மண்ணில் காட்டின் ஓர் அங்கமாக இருப்பது, கடல் தாண்டியதும் ஓர் இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டது. சிங்கப்பூரும் தீவுதான், துண்டுதுண்டாக எஞ்சிய மழைக்காட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடிகள் நிற்கின்றன. மூடாத ஒரு ஜன்னல் போதும்.

வீட்டுக்குள் அந்த விலங்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் அதே அளவு முக்கியம். கிளைடர் கூட்டமாக வாழ்கிற இரவு விலங்கு. தனிக்கூண்டில் அடைத்தால் சில தன் உடலையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்கின்றன. வெறும் பழமாகக் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து குறைந்து பின்னங்கால்கள் செயலிழந்துவிடும்.

இந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமைக்கும் இதே கதிதான். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்த அந்த அழகே அதற்கு வினையாகிவிட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள்ளிருந்து இவற்றைப் பிடிப்பது அடிக்கடி வரும் செய்தி. அதன் குவிந்த ஓடு ஒரு கணித அதிசயம். எப்படிக் கவிழ்த்தாலும் தானே உருண்டு நேராகிவிடும் ஒரு திண்ம வடிவத்தை ஹங்கேரிய ஆய்வாளர்கள் டொமோகோஷும் வார்கோனியும் 2006இல் உருவாக்கினார்கள். பிறகு ஆமைகளை அளந்து பார்த்தபோது, அந்த வடிவத்தை மிகவும் நெருங்கி நின்றவற்றில் நட்சத்திர ஆமையும் ஒன்று. அப்பேர்ப்பட்ட ஓடு, வீட்டுக்குள் வளர்த்தால் இளகிப்போகலாம். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். புறஊதா-பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் கதிர் படாவிட்டால் வைட்டமின் டி உருவாகாது. அது இல்லாமல் சுண்ணாம்புச்சத்து ஓட்டில் சேராது. வெயில் படுகிறது என்று வளர்ப்பவர் நம்பிக்கொண்டிருப்பார். 2019இல், வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் இந்த ஆமையைத் தன் முதல் பட்டியலுக்கு உயர்த்தி, காட்டிலிருந்து பிடித்துப் பன்னாட்டு வணிகம் செய்வதைத் தடை செய்தது. சிங்கப்பூரில் இதை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

இவ்வளவு கவனமாக வகுத்த சிங்கப்பூர்ப் பட்டியலில் எனக்கு மனம் ஒப்பாத பெயர் ஒன்று உண்டு: சிவப்புக் காது ஆமை. அனுமதிக்கப்பட்ட அந்த இரண்டு ஆமைகளில் ஒன்று.

இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகை. கடையில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, பச்சை வண்ணத்தில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு நீந்தும்போது வேண்டாம் என்று சொல்லக் குழந்தைகளுக்கு மனம் வராது. முட்டையிருக்கும் மண்ணின் சூடுதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது: 26 டிகிரியில் ஆண், 31 டிகிரியில் பெண். பெண் வளர்ந்தால் ஓடு ஓர் அடியை எட்டும். முப்பது ஆண்டுகூட வாழும். சால்மோனெல்லா கிருமியை நோயின்றிச் சுமக்கும். குழந்தைகள் வாயில் வைத்துக்கொள்வதால் நோய் பரவுகிறது என்று, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இலேயே தடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இதை ஆக்கிரமிப்பு உயிரினமாக அறிவித்து வணிகத்தை நிறுத்தியது. சிங்கப்பூரிலும் இறக்குமதியை நிறுத்துவதுதான் நியாயம். வளர்க்க முடியாமல் போனவர்கள் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். விசாக தினத்தில் புண்ணியம் என்று நினைத்து விடுகிறவர்களும் உண்டு. அனுமதியின்றி விலங்கைத் திறந்துவிட்டால் அபராதம் உண்டு என்று தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது.

சிங்கப்பூர் பூமலைத் தோட்டத்து ஏரிக்கரையில் காலையில் நின்றால் அவற்றைப் பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பின்னங்கால்களை நீட்டி வெயில் காய்கின்றன. ஆசைப்பட்டு வாங்கிய குழந்தை இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஆள் அரவம் கேட்டால் காட்டு ஆமை தண்ணீருக்குள் மூழ்கி மறையும். இவற்றில் சில, கழுத்தை நீட்டிக்கொண்டு நம்மை நோக்கி நீந்தி வருகின்றன.