கருந்துளையின் வரவும் செலவும்

கருந்துளை என்றவுடன், அருகில் வந்த எதையும் விட்டுவைக்காமல் விழுங்கும் ஒரு பொருளே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால், தன்னை நோக்கி வந்த பொருளில் ஒரு பகுதியை, அது உள்ளே விழுமுன்பே, ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் வெளியே வீசிவிடும் கருந்துளைகளும் உண்டு. அவற்றுக்கு வரவும் இருக்கிறது, செலவும் இருக்கிறது. வரவை எக்ஸ் கதிர்கள் சொல்கின்றன; செலவை ரேடியோ அலைகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும் என்பதை இங்கே விளக்க விழைகிறேன்.

கருந்துளைக்கு அருகில் ஒரு விண்மீன் இருந்தால், அதன் வாயு கருந்துளையை நோக்கி இழுக்கப்படுகிறது. அந்த வாயு நேராக விழுவதில்லை. சுழன்று சுழன்று ஒரு வட்டாகத் திரள்கிறது. வட்டின் உட்பகுதி பல லட்சம் டிகிரிக்கு மேல் சூடேறி எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. அதைச் சூழ்ந்துள்ள, இன்னும் வெப்பமான மின்னணுக்களின் மண்டலம் ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களை வெளியிடுகிறது. வட்டோடு சேர்ந்து முறுக்கேறும் காந்தப்புலம், பொருளின் ஒரு பகுதியை வட்டுக்குச் செங்குத்தாக இரு புறமும் தாரைகளாகப் பீய்ச்சுகிறது. தாரைகளில் விரையும் மின்னணுக்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழல்வதால் பிறப்பவையே ரேடியோ அலைகள்.

இவ்விரண்டும் தொடர்புடையவை என்பதை உலகுக்கு உணர்த்தியது, அன்னம் விண்மீன் தொகுப்பில் உள்ள சிக்னஸ் எக்ஸ்-1. 1964-ஆம் ஆண்டு ஒரு ராக்கெட் ஆய்வில் அது கண்டறியப்பட்டது. எனினும், எக்ஸ் கதிரைக் கொண்டு அது எந்த விண்மீன் என்று சுட்ட இயலவில்லை. அன்றைய கருவிகளால் வானில் அதன் இடத்தைத் தோராயமாகவே குறிக்க முடிந்தது. 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையிலிருந்து ஏவப்பட்ட உகுரு செயற்கைக்கோள் அதனைத் தொடர்ந்து கவனித்தது. 1971-இன் தொடக்க மாதங்களில் அதன் எக்ஸ் கதிரின் தன்மை மாறியது. ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர்கள் வெகுவாகக் குறைந்தன. அதே காலத்தில், முன்பு ரேடியோ அலை எதுவும் தென்படாத இடத்தில் ஒரு புதிய ரேடியோ மூலம் தோன்றியதை நெதர்லாந்து, அமெரிக்க வானியலாளர்கள் கண்டனர். ரேடியோ தொலைநோக்கி இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிடும். அங்கே ஒரு நீல விண்மீன் இருந்தது. அது 5.6 நாளுக்கு ஒருமுறை, கண்ணுக்குப் புலப்படாத ஒரு துணையைச் சுற்றுவது தெரிந்தது. அந்தத் துணையின் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 21 மடங்கு என்று 2021-இல் கணிக்கப்பட்டது.

பிற்காலத்தில் இந்த உறவு எண்களாலும் உறுதியானது. ஜிஎக்ஸ் 339-4 என்ற அமைப்பில் எக்ஸ் கதிர் பத்து மடங்கு கூடும்போது ரேடியோ அலை சுமார் ஐந்து மடங்கு கூடுகிறது. இந்த ஒழுங்கு எப்போதும் நீடிப்பதில்லை. வட்டு கருந்துளையின் அருகுவரை நெருங்கி, அதன் மென்மையான எக்ஸ் கதிர் மேலோங்கும் நிலையில் ரேடியோ அலை ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. அந்த நிலைக்கு மாறும் தருணத்தில்தான் பெரும் வீச்சுகள் நிகழ்கின்றன. இந்த மாற்றம் சில நாள்களில் முடிந்துவிடக்கூடும். இரு கருவிகளும் அதே நாள்களில் பார்க்கத் தவறினால் அதன் கதை நமக்குக் கிடைக்காது.

சூரியனைவிடச் சில மடங்கு நிறையுள்ள கருந்துளைகளை ஏன் இவ்வளவு கூர்ந்து பார்க்க வேண்டும்? நிறையையும் கணக்கில் சேர்த்தால், கோடிக்கணக்கான சூரியன்களின் நிறையுள்ள கருந்துளைகளும் ஏறத்தாழ இதே விதிக்குள் அடங்குவதை 2003, 2004-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. பெருங்கருந்துளையில் பல தலைமுறைகள் பிடிக்கும் மாற்றத்தைச் சிறியவற்றில் சில வாரங்களில் பார்க்கலாம். பெருங்கருந்துளைகளின் செலவோ மிகப் பெரியது. தமிழர்களான நாம் பெருமைகொள்ளும் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999-இல் விண்ணுக்குச் சென்ற சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம், பெர்சியஸ் விண்மீன் திரள் கூட்டத்தின் வெப்ப வாயுவில் பெரிய குழிகளைத் துல்லியமாகப் படம்பிடித்தது. எக்ஸ் கதிரில் வெற்றிடமாகத் தெரியும் அக்குழிகளை ரேடியோ அலைகளை உமிழும் பொருள் நிறைத்திருக்கிறது. அது தாரைகள் கொண்டுசேர்த்த பொருள். வாயு குளிர்ந்து புதிய விண்மீன்களாவதை இந்தத் தாரைகளே பெரிதும் தடுக்கின்றன என்று வானியலாளர்கள் கருதுகின்றனர்.

இந்த இரு கண்களும் இந்தியாவிடம் இருக்கின்றன. 2015-இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், ஐந்தாண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்டு அதைக் கடந்தும் பணியாற்றியது. 2024 ஜனவரி முதல் நாளில் எக்ஸ்போசாட் சென்றது. எக்ஸ் கதிரின் அதிர்வுத் திசையை அளப்பது அதன் பணி. இதே அளவீட்டைச் செய்யும் ஒரு வெளிநாட்டுச் செயற்கைக்கோள், சிக்னஸ் எக்ஸ்-1 உமிழும் எக்ஸ் கதிரின் அதிர்வுத் திசை ரேடியோ தாரையின் திசையோடு ஒத்திருப்பதை 2022-இல் காட்டியது. எக்ஸ் கதிர் பிறக்கும் வெப்ப மண்டலம் வட்டின் தளத்தை ஒட்டிப் பரவியிருக்கிறது என்ற முடிவு அதிலிருந்து கிடைத்தது. ரேடியோ படம் முன்பே கையில் இல்லாதிருந்தால் அந்த அளவீட்டுக்குப் பொருள் இருந்திராது.

ரேடியோ கண்ணாக, புணேவுக்கு அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளுடன் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி நிற்கிறது. அதற்குத் தேவை ரேடியோ அமைதி. நிலவில் ஒரு கைப்பேசியை வைத்தால், அதன் அலைவரிசையில் அது சிக்னஸ் எக்ஸ்-1ஐவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பிரகாசமாகத் தெரியும். நாம் தேடும் சமிக்ஞை அவ்வளவு மெல்லியது. புணே - நாசிக் ரயில் பாதையை ஜிஎம்ஆர்டி அருகே அமைப்பது குறித்து எழுந்த விவாதத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். மக்களுக்கு ரயிலும் வேண்டும், கைப்பேசிக் கோபுரமும் வேண்டும். அவற்றை எங்கே அமைப்பது என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே வானியலாளர்களோடு பேசி முடிவுசெய்வது கடினமன்று.

ஆஸ்ட்ரோசாட்டின் இடத்தை நிரப்பும் அடுத்த ஆய்வகத்தைக் காலத்தோடு அனுப்புவதும், ரேடியோ அமைதியைக் காப்பதும் ஒரே பணியின் இரு பாதிகள் என்பது என் கருத்து. ஒன்றுக்கு நிதி ஒதுக்கி மற்றொன்றைக் கைவிட்டால், வரவு எழுதிய பக்கம் மட்டும் உள்ள கணக்கேட்டையே நம் மாணவர்களிடம் ஒப்படைப்போம்.