பணம் வந்தால் பற்றா, வரவா?

நெல் விற்ற பணம் கைக்கு வந்தால் திருக்காட்டுப்பள்ளியில் யாரும் ‘வரவு’ என்றுதான் சொல்வார்கள். பி.காம். படிக்கும் பிள்ளை அதையே ரொக்கக் கணக்கில் பற்று எழுத வேண்டும். வங்கியில் போட்டால் பாஸ்புக்கில் வரவாக நிற்கும். அது வங்கி எழுதும் கணக்கு, வங்கிக்கு நாம் கடன் கொடுத்தவர். முதல் பருவத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இது. பி.காம். கணக்கியலுக்கு இணையவழியா, வகுப்பறையா என்பதை இங்கிருந்துதான் பார்க்க வேண்டும்.

காணொளியில் ஆசிரியர் போடும் கணக்கு எப்போதும் சரியாக முடியும். பிள்ளையின் நோட்டில், பற்று, வரவுக் கூட்டல்களை ஒப்பிடும் இருப்பாய்வு 270 ரூபாய் உதைக்கும். பெஞ்சருகே நிற்கும் ஆசிரியர் அதை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாவிட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 630 என்பது 360 ஆகியிருக்கும். இல்லையென்றால் பாதித்தொகை, 135 ரூபாய், பக்கம் மாறி ஏறியிருக்கிறதா என்று தேடுவார். இந்தத் துப்புகளைக் காணொளியும் சொல்லித்தரும். எந்த வரியில் பிசகியது என்று காட்ட நோட்டைப் பார்த்தாக வேண்டும். 2020 ஊரடங்கில் வகுப்புகள் கைப்பேசிக்கு மாறியபோது பாடம் நடந்தது. கைவிட்டுப் போனது நோட்டுத் திருத்தம்தான்.

அதற்காக இணையத்தை ஒதுக்கவும் முடியாது. இங்கிருந்து தஞ்சைக்கோ திருச்சிக்கோ போய்வரும் பிள்ளைக்குப் பஸ்ஸிலேயே பாதிப் பொழுது கரைகிறது. தமிழ்வழியில் ‘தேய்மானம்’ படித்துவிட்டு, கல்லூரியில் ‘டிப்ரிசியேஷன்’ என்று கேட்டு விழிப்பவள் காணொளியை மூன்று முறை ஓடவிடலாம். வகுப்பில் மூன்றாம் முறை கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

வீட்டிலிருந்தே பட்டம் படிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே அஞ்சல்வழியில் தொடங்கிவிட்டது. மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையப் பாடத் தளம் 2017-ல் வந்தது. ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை அதில் படிக்கலாம் என்றிருந்த விதியை, பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் 40 ஆக உயர்த்தியது. எந்த 40 என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வணிகச் சட்டமும் தணிக்கைக் கோட்பாடும் திரையில் போகட்டும். கூட்டாண்மைக் கணக்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியலும் பெஞ்சை விட்டு நகரக் கூடாது.

டாலி கணக்கு மென்பொருள் இருக்கும்போது இந்த நோட்டுப் பயிற்சியெல்லாம் எதற்கு என்பார்கள். பற்றும் வரவும் சமமாகாத பதிவை டாலி ஏற்காது, உண்மைதான். ஆனால் புது பம்புசெட் வாங்கிய தொகையைப் பழுதுச் செலவில் ஏற்றினால், வாய் திறக்காமல் வாங்கிக்கொள்ளும்.