கூடத்தில் ஓர் ஆலமரம்

ஆலமரத்தைத் தொட்டியில் நட்டுக் கூடத்து மூலையில் வைக்கலாம் என்று நம் பாட்டனார் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், "இவருக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது, எலுமிச்சம்பழம் தேய்த்து ஸ்நானம் செய்து வையுங்கள்" என்றுதான் பதில் வந்திருக்கும். ஊருக்கு வெளியே, குளக்கரையிலே, ஊர் ஜனம் முழுவதும் நிழலில் தங்கும்படி நிற்க வேண்டிய விருக்ஷம் அது. இப்பொழுதோ பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில்கூட, கான்கிரீட் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், மூன்றடி உயரத்துக்கு ஆல ஜாதிச் செடி ஒன்று நிற்பதைக் காணலாம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோ மீட்டர் பிரயாணம் செய்து வந்த செடி அது. 'பைகஸ்' என்று நர்ஸரிக்காரர் பெயர் சொல்லிக் கொடுத்திருப்பார்.

வந்த பத்தாம் நாள் அது இலையை உதிர்க்கத் தொடங்குகிறது. உடனே வீட்டார் அனைவரும் வைத்தியர்களாகி விடுகிறார்கள். பாட்டி இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறாள். பிள்ளை அதைத் தூக்கி வாசல் வெயிலில் வைக்கிறான். மாலையில் வந்த மாமா ஒரு பிடி உரத்தைப் போட்டுவிட்டு, மறுபடியும் உள்ளே இழுத்து வைக்கிறார். ஒரு மாதத்தில் செடி போய்விடுகிறது. நோயினால் போனதா, வைத்தியத்தினால் போனதா என்று கேட்டால், பெரும்பாலும் வைத்தியத்தினால்தான் என்று சொல்ல வேண்டும்.

குலமும் குணமும்

ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே குலம். உலகெங்கும் இக்குலத்தில் 750-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எதைக் கிள்ளினாலும் பால் வடியும். வீட்டுக்குள் வளர்ப்பவை இவற்றில் நாலைந்துதான். சிறிய, கூர்மையான, பளபளப்பான இலைகளோடு கிளை தாழ்ந்து தொங்குவது ஒன்று. இலை உதிர்ப்பதில் பிரசித்தி பெற்றது இதுவே. கையகலத் தடித்த இலையுள்ளது ரப்பர் செடி. மேகாலயத்தில் காசி மலை ஜனங்கள் ஆற்றுக்குக் குறுக்கே உயிருள்ள பாலம் சமைப்பது இதே மரத்தின் வேர்களைக் கொண்டுதான். பிடில் வாத்தியத்தைப் போன்ற இலையுடையது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பருத்த வேரோடு குட்டை மரமாக விற்கப்படுவது பெரும்பாலும் நம் கல் இச்சி. உப்புக் காற்றை ஓரளவு தாங்கும் சக்தி இதற்கு உண்டு. ஆகையால் கடலோர வீட்டார் முதலில் வாங்கத் தக்கது இதுதான்.

பனைமரத்து மட்டை இடுக்கிலும், பாழடைந்த சுவரின் வெடிப்பிலும் பறவை போட்ட விதையிலிருந்து முளைக்கிற குலம் இது. சொற்ப மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். இரண்டு நாள் தாகத்தையும் பொறுக்கும். வேரடியில் தேங்கி நிற்கும் நீரையும், நாளுக்கு நாள் இடம் மாற்றுவதையுமே அது பொறுப்பதில்லை.

இலை ஏன் உதிர்கிறது?

என் மாணவன் ஒருவனின் தாயார், ஒரு முறம் நிறைய இலைகளைக் காட்டி, "இது செத்துப் போச்சா ஸார், இன்னும் உசிரு இருக்குதா?" என்று கேட்டார். தம்பி முதல் சம்பளத்தில் வாங்கி வந்த செடி. அவருக்கு அது சாதாரணச் செடியல்ல. கிளையின் தோலை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே பச்சை தெரிந்தது. பச்சை தெரிந்தால் மரம் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். இம்மரம் தான் நிற்கும் வெளிச்சத்துக்குத் தக்கபடி இலை செய்துகொள்கிறது. நர்ஸரியில் நல்ல வெளிச்சத்தில் செய்த இலை, மங்கலான கூடத்தில் தன் ஜீவனத்துக்கே சம்பாதிக்க முடியாது. அதைக் கழித்துவிட்டு, புது வெளிச்சத்துக்கு ஏற்ற இலையை மரம் விடுகிறது. இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் மறுபடி இடம் மாற்றினால், செய்த வேலையை எல்லாம் முதலிலிருந்து செய்யவேண்டி வரும்.

ஆகவே, முதலில் நல்ல இடமாகத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். பகலில் விளக்கில்லாமல் சிரமமின்றிப் புத்தகம் படிக்கக்கூடிய ஜன்னலோரம் போதும். உச்சி வெயில் நேரே விழக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. வைத்தபின் இரண்டு மாதம் உரமும் வேண்டாம், இடமாற்றமும் வேண்டாம். ரப்பர் செடியில் துளிரை மூடியிருக்கும் சிவந்த உறை உதிர்ந்தால் யாரும் பதற வேண்டியதில்லை. புது இலை பிறந்ததற்கு அடையாளம் அது.

இந்தக் குலத்தின் உயிர்ப்பிடிப்புக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்கத்தா தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் அடிமரம் காளான் நோய் கண்டு, 1925-ல் அகற்றப்பட்டது. விழுதுகளை ஊன்றிக்கொண்டு மரம் இன்றும் விரிந்து நிற்கிறது. பத்து இலை உதிர்ந்ததற்காக நாம் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

உப்பும் நன்னீரும்

பழவேற்காட்டில் இதைவிடப் பெரிய சங்கடம் தண்ணீர். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. கரையோரக் குப்பங்கள் பலவற்றில் கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் கரிக்கின்றன. நல்ல தண்ணீரைக் குடம் எண்ணிப் புழங்கும் வீடுகளில், அழகுக்கு வைத்த மரத்துக்கு அதில் பங்கு கொடுப்பது நியாயமா என்று குடும்பஸ்திரீகள் கேட்பார்கள். கேட்பது நியாயந்தான். ஆனால் உவர் நீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

கருவாடு போடுகிற வீட்டாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மீனில் உப்பைத் தடவினால் மீன் நீர் விடுகிறது. தொட்டி மண்ணில் உப்பு ஏறினாலும் அதே கதைதான். மண் ஈரமாக இருந்தும் வேரால் நீரை இழுக்க முடிவதில்லை. இலையின் ஓரமும் நுனியும் பழுப்பாகக் கருகுகின்றன. மண்ணின்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. வீட்டார் அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் உவர் நீரை ஊற்றுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. முதலாவதாக, இம்மரத்துக்கு அதிகத் தண்ணீர் தேவையில்லை. மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், தொட்டியின் அடித் துவாரத்தில் நீர் எட்டிப் பார்க்கும்வரை ஊற்றினால் போதும். தட்டில் வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைக்குள் தொட்டியை வைத்தால் பார்வைக்கு அழகுதான்; உள்ளே நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் மாறாத மண்ணில் இலை மஞ்சளித்து உதிர்ந்தால், வேர் அழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவதாக, குடிதண்ணீரில் கை வைக்காமலே நன்னீர் கிடைக்கும். நன்னீரில் அரிசி களைந்த கழுநீர், உப்புப் போடாததாயின், உதவும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால், அதிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. கிணற்றின் உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். கருவாடு கழுவிய நீருக்கும் இதே தடை. பச்சை மீன் கழுவிய நீர் தோட்டத்துக்குச் சரி. கூடத்துக்குள் ஊற்றினால் ஈயும் எறும்பும் விருந்துக்கு வந்துவிடும்.

மூன்றாவது வழி மழை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. முதல் மழை மாடியில் படிந்த உப்பையும் தூசியையும் கழுவிப் போகட்டும். அடுத்த மழை நீரை மூடியுள்ள பீப்பாயில் பிடித்து வைக்கலாம். மூடாமல் வைத்தால் கொசு வளரும். மழை நாட்களில் தொட்டியையே தாழ்வார ஓரத்தில் வைத்து, தொட்டி கொள்ளும் அளவைப் போல் இரண்டு பங்கு நீர் மண்ணின் வழியே வடிந்து போகும்படி விட்டால், வருஷத்து உப்பு கரைந்துவிடும். வெயில் எட்டிப் பார்த்ததும், அல்லது புயல் எச்சரிக்கை வந்ததும், பழைய இடத்திலேயே கொண்டு வைத்துவிட வேண்டும். கடற்காற்று இலைமேல் பூசும் உப்பை வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

பூச்சியும் எச்சரிக்கையும்

இலை பிசுபிசுத்தாலும், கரி பூசினாற்போல் கறுத்தாலும், எறும்பு ஊர்ந்தாலும், இலைக் காம்பருகே பாருங்கள். பஞ்சுபோல் மாவுப்பூச்சியோ, பழுப்பு நிறச் செதிள்பூச்சியோ ஒட்டிக்கொண்டிருக்கும். துணியால் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் வாரம் ஒரு முறை தெளித்து வந்தால் அடங்கும். எறும்பையும் விரட்ட வேண்டும். இந்தப் பூச்சிகளை மேய்த்துக் காப்பது அதுதான்.

மரத்தின் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். குழந்தைகளும் பூனையும் இலையைக் கடிக்காதபடி வைக்க வேண்டும். இச்செடி வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற விளம்பரத்தை நம்பி யாரும் வாங்க வேண்டாம். 1989-ல் நாஸாவினர் மூடிய பெட்டிக்குள் செய்த பரிசோதனையிலிருந்து பிறந்த பேச்சு அது. வீட்டில் அந்தப் பலன் கிட்டவேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று 2019-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அப்புறம் நாம் படுப்பது எங்கே?

கடைசியாக ஒன்று. தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டதென்று வீட்டுச் சுவரோரத்திலோ கிணற்றோரத்திலோ இறக்கி நட்டுவிடாதீர்கள். கூடத்தில் சாதுவாக நின்ற செடி, மண்ணைக் கண்டதும் தன் குலத்தை நினைத்துக்கொள்ளும், அஸ்திவாரத்தைப் பிளக்கும். கிளையைக் கத்தரித்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சற்றே பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். ஊர்ப் பொது இடத்தில், கட்டடம் இல்லாத திடலில், ஓர் ஆலமோ அரசோ நட ஊரார் சம்மதித்தால் மிகவும் விசேஷம். வலை பின்னுகிறவர்களுக்கு நிழலாகும், பறவைகளுக்குப் பழமாகும். மழைக்குப் பின் அதற்கு யாரும் தண்ணீர் எண்ணி ஊற்ற வேண்டியதுமில்லை.