ஊர்ப்பணியாளரும் அறிவுப் பகிர்வும்

தாம் கற்றதைப் பிறர் கொள்ளும் வண்ணம் உரைத்தலே சிற்றூர்ப் பணியாளர்க்கு அரிய திறன் என்போம். 1998-ஆம் ஆண்டு முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அறிவு மையங்களை நிறுவினர். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையார் வெளியிட்ட அலையுயரக் குறிப்பைப் பணியாளர் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கடலேகுமுன் மீனவர் அதனைக் கேட்டறிந்தனர்.

நிற்க. எம் குரும்பலூர்ப் பக்கத்தில் மக்காச்சோளம் பெரும்பயிராம். 2018-இல் படைப்புழு புகுந்து பெருஞ்சேதம் விளைத்தது. குருத்தினுள் ஒளிந்து தின்னும் அதற்கு இலைமேல் மட்டும் தெளிக்கும் மருந்து எட்டாது. இதனைப் பணியாளர் அறிக்கையில் எழுதிவைத்து என்ன பயன்? வயலிலேயே குருத்தை விரித்துக் காட்டல் வேண்டும். முட்டைக் குவியலை முதலிற் கண்ட உழவர் சொல்லைச் செவிமடுத்து, அடுத்த ஊர்ப் பணியாளர்க்கு அன்றே உரைத்தலும் வேண்டும். அப்புழுவின் தாயந்து ஓரிரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்க வல்லது.